ஒரே அளவுத் துளி: ஒரு கேள்வி கற்பித்த பால்மப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் கூழ்மங்கள் பாடம். வழக்கம்போல் கரும்பலகையில் அட்டவணை வரைந்து, பிரிகை நிலைமை, பிரிகை ஊடகம், எடுத்துக்காட்டு என்று நிரப்பிக்கொண்டிருந்தேன். நீர்மத்தில் நீர்மம் பரவியிருந்தால் அது பால்மம். எடுத்துக்காட்டு பால், முகக் கிரீம். பத்து நிமிடத்தில் முடியும் பகுதி இது. பல ஆண்டுகளாக அப்படித்தான் முடித்து வந்தேன்.

அன்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், கடையில வாங்குற கிரீம் ஒரு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கு. எங்க அம்மா குழுவுல செய்ற கிரீம் பத்து நாள்ல எண்ணெய் தனியா, தண்ணி தனியா போயிடுது. ஏன் டீச்சர்?"

மணி அடிக்கும் நேரம். "கடைக்காரங்க கெமிக்கல் போடுறாங்கம்மா. உங்க அம்மா இயற்கையா செய்றாங்க, அதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்திருந்தார். மகளிர் சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கற்றாழைச் சாறு கலந்து கிரீம் செய்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் பிரிந்ததால் டப்பாக்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. "கை வலிக்க வலிக்க ஒரு மணி நேரம் கலக்குறோம் டீச்சர். அப்பவும் நிக்க மாட்டேங்குது. போட்ட காசு போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. நான் வகுப்பில் சொன்ன பதில் இரண்டு விதத்தில் தவறு. தண்ணீரும் தேங்காய் எண்ணெயும்கூட வேதிப்பொருள்களே. அதைவிடப் பெரிய தவறு, அந்தப் பதில் மாணவியின் கேள்வியை முடித்து வைத்தது. அவள் கேட்ட கேள்வியின் மையம் துளியின் அளவு. அந்த அளவைத் தேடிப் படித்தபோதுதான் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் எனப்படும் நுண்பாய்மவியலுக்கு வந்து சேர்ந்தேன். படித்ததையும் வகுப்பில் செய்து பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பால்மம் ஏன் பிரிகிறது?

எண்ணெயும் நீரும் ஒன்றில் ஒன்று கரையாதவை. கலக்கும்போது எண்ணெய் சிறு துளிகளாக உடைந்து நீருக்குள் பரவுகிறது. அதை அப்படியே விட்டால் மூன்று வழிகளில் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்.

முதலாவது, இணைதல். இரண்டு துளிகள் முட்டும்போது ஒன்றாகிவிடுகின்றன. மொத்தப் பரப்பு குறைந்தால் ஆற்றலும் குறையும் என்பதால் இது இயல்பாகவே நடக்கும். சோப்பு, முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் போன்ற பால்மமாக்கிகள் துளியைச் சுற்றி ஒரு போர்வைபோல் அமர்ந்து இதைத் தடுக்கின்றன.

இரண்டாவது, மிதத்தல். எண்ணெய் நீரைவிட இலேசானது என்பதால் துளிகள் மேலே ஏறுகின்றன. காய்ச்சாத பாலில் ஆடை திரள்வதும் இப்படித்தான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் ஸ்டோக்ஸ் விதிப்படி, ஏறும் வேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் 10 மடங்கு பெரிதானால் வேகம் 100 மடங்கு. ஆகவே கிரீமில் உள்ள பெரிய துளிகள்தான் முதலில் மேலே போய்ச் சேர்ந்து எண்ணெய்ப் படலமாகின்றன.

மூன்றாவது, பெரியது சிறியதை விழுங்குதல். வளைந்த பரப்புக்குள் அழுத்தம் அதிகம். ஆரம் குறையக் குறைய அந்த அழுத்தம் கூடும். எனவே சிறிய துளியில் உள்ள எண்ணெய் மெதுவாக நீரில் கரைந்து பெரிய துளிக்குப் போய்ச் சேரும். ஒரு குழாயின் இரு முனைகளிலும் சிறிதும் பெரிதுமாக இரண்டு சோப்புக் குமிழிகளை ஊதி இணைத்தால் சிறிய குமிழி சுருங்கிப் பெரிய குமிழி மேலும் பெரிதாவதைப் போன்றது இது. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கியதால் இதற்கு ஆஸ்ட்வால்டு முதிர்வு என்று பெயர். தேங்காய் எண்ணெய் நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும் என்பதால் அதில் இந்த வழி மெதுவாகவே நடக்கும். வாசனை எண்ணெய்களில் விரைவாக நடக்கும்.

மூன்று வழிகளிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: துளியின் அளவு. பெரிய துளி இருந்தால் மிதக்கும். பெரிதும் சிறிதும் கலந்திருந்தால் ஒன்றை ஒன்று விழுங்கும்.

கலக்கும்போது என்ன நடக்கிறது?

கரண்டியால் கலக்கும்போது அதன் விளிம்பருகே இழுப்பு அதிகம், பாத்திரத்தின் ஓரத்தில் குறைவு. ஓரிடத்தில் துளி பத்து முறை உடைகிறது. வேறோரிடத்தில் ஒரு முறைகூட உடைவதில்லை. ஒரு மணி நேரம் கலக்கினாலும் முடிவில் கிடைப்பது பலவித அளவுத் துளிகளின் கூட்டம்தான். அந்த அம்மாவின் உழைப்பில் குறை ஏதுமில்லை. அந்த முறைக்கு அவ்வளவுதான் இயலும்.

தொழிற்சாலைகளில் வேகமாகச் சுழலும் வெட்டுக் கலக்கிகளும், உயர் அழுத்தத்தில் நுண்துளை வழியாகக் கலவையைத் தள்ளும் பொறிகளும் உள்ளன. பாக்கெட் பாலில் கொழுப்புத் துளிகளைச் சிறிதாக்கவும் இத்தகைய பொறிதான் பயன்படுகிறது. நாம் கடையில் வாங்கும் கிரீம்களில் பெரும்பாலானவை இப்படித்தான் உருவாகின்றன. இவை துளிகளை மிகச் சிறிதாக்குகின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவாக்குவதில்லை.

நுண்பாய்மவியல் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. பெரிய கூட்டத்தை உடைப்பதற்குப் பதிலாக, துளிகளை ஒவ்வொன்றாகச் செய்கிறது.

துளியை ஒவ்வொன்றாகச் செய்வது

கண்ணாடியிலோ சிலிக்கோன் ரப்பரிலோ தலைமுடி அளவே அகலமுள்ள ஒரு தடத்தைக் கற்பனை செய்யுங்கள். அதில் எண்ணெய் சீராக ஓடுகிறது. பக்கவாட்டிலிருந்து இன்னொரு தடம் வந்து சேர்ந்து 'ட' எழுத்தின் மூலைபோல் செங்கோணத்தில் கூடுகிறது. அதன் வழியே நீர் வருகிறது. நீர் தலையை நீட்டியதும் எண்ணெயின் வழி அடைபடுகிறது. பின்னால் அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தம் நீரின் கழுத்தை நெரித்து அறுக்கிறது. ஒரு துளி கழன்று ஓடுகிறது. அடுத்த தலை நீள்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது.

இந்தச் சந்திப்பு முறையை 2001-இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் தார்சன், ரிச்சர்டு ராபர்ட்ஸ், பிரான்சிஸ் ஆர்னால்டு, ஸ்டீபன் குவேக் ஆகியோர் வெளியிட்டனர். இவர்களில் பிரான்சிஸ் ஆர்னால்டு, நொதிகள் பற்றிய வேறொரு ஆய்வுக்காக 2018-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். மற்றொரு முறையில் நடுத் தடத்தில் வரும் நீர்மத்தை இருபுறமும் வரும் நீர்மங்கள் நெருக்கி ஒரு குறுகிய வாய் வழியே தள்ளுகின்றன. இதைக் குவிபாய்வு எனலாம். ஹார்வர்டில் ஷெல்லி அன்னா, நத்தாலி போந்து, ஹோவர்டு ஸ்டோன் ஆகியோர் 2003-இல் நுண்தடத்தில் இதைச் செய்து காட்டினர். இத்தகைய தடங்களைச் சிலிக்கோன் ரப்பரில் அச்சு வார்ப்பதுபோல் எளிதாகச் செய்யும் வழியை ஜார்ஜ் வைட்சைட்சின் ஹார்வர்டு ஆய்வகம் 1990-களில் பரப்பியிருந்தது. அதனால்தான் இத்துறை வேகமாக வளர்ந்தது.

மாணவர்கள் உடனே கேட்கும் கேள்வி: "குழாய்த் தண்ணியும் துளித்துளியாதானே விழுது, அது ஏன் ஒரே அளவா இல்ல?" நல்ல கேள்வி. மெல்லிய நீர்த்தாரையின் நீளம் அதன் சுற்றளவைவிட அதிகமானால் பரப்பு இழுவிசை அதைத் துளிகளாக்கிவிடும் என்பதைக் கண்டவர் பெல்ஜியத்தின் ஜோசப் பிளேட்டோ. பார்வையை இழந்த பிறகும் பிறர் உதவியோடு சோதனைகளைத் தொடர்ந்தவர் அவர். பின்னர் ராலே பிரபு இதைக் கணிதமாக்கினார். திறந்தவெளியில் தாரை எந்த இடத்தில் அறும் என்பது சிறு அதிர்வுகளைப் பொறுத்தது. ஆகவே அளவு மாறுகிறது. குறுகிய தடத்திலோ சுவர்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. சுவரின் அளவு மாறுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அவ்வளவு குறுகிய தடத்தில் பாகுநிலையின் ஆட்சி அதிகம். சுழல்கள் தோன்றுவதில்லை. நீர்மங்கள் அடுக்கடுக்காக ஒழுங்காகவே ஓடுகின்றன. ஒரு நொடியில் நடந்தது அடுத்த நொடியிலும் அப்படியே நடக்கும். ஆகவே துளியின் அளவை முன்கூட்டியே கணக்கிட முடியும். மெதுவான ஓட்டத்தில் செங்கோணச் சந்திப்புக்கு ஏறத்தாழப் பொருந்தும் விதி இது:

துளியின் நீளம் = தடத்தின் அகலம் × (1 + உள்நீர்ம ஓட்டம் ÷ வெளிநீர்ம ஓட்டம்)

தடத்தின் அகலம் 100 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். இரண்டு நீர்மங்களும் சம அளவில் ஓடினால் துளியின் நீளம் சுமார் 200 மைக்ரோமீட்டர். உள்நீர்மத்தைப் பாதியாகக் குறைத்தால் சுமார் 150. நேர்கோட்டுச் சமன்பாட்டை வரைபடத்தாளில் கற்பிக்கும்போது இதை எடுத்துக்காட்டாகத் தரலாம்.

ஒரு சிறு குறிப்பு. வெளியே ஓடும் நீர்மம்தான் சுவரை நனைக்க வேண்டும். எண்ணெய்க்குள் நீர்த்துளி வேண்டுமெனில் எண்ணெய் ஒட்டும் சுவர் தேவை. நீருக்குள் எண்ணெய்த் துளி வேண்டுமெனில் நீர் ஒட்டும் கண்ணாடி போன்ற சுவர் தேவை. இதைக் கவனிக்காவிட்டால் துளிகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நாங்கள் வகுப்பில் முதலில் தோற்றதும் இங்கேதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அழகுசாதனப் பொருளில் இதன் இடம்

இரண்டாம் நூற்றாண்டு மருத்துவரான கேலன் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைக் கலந்து செய்ததாகக் கூறப்படும் களிம்புதான் இன்றைய 'கோல்ட் கிரீம்' என்பதன் மூதாதை. அந்தக் குழுவினரின் செய்முறை இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்று பிரான்சில் மார்செய் நகரிலுள்ள காப்சம் நிறுவனம் நுண்பாய்ம முறையில் அழகுசாதனப் பொருள்களைச் செய்கிறது. பாரிசில் உள்ள ஈ.எஸ்.பி.சி.ஐ. என்ற அறிவியல் பள்ளியின் பேராசிரியர் ஜெரோம் பிபெத் அதன் நிறுவனர்களில் ஒருவர். கியூரி தம்பதியர் 1898-இல் ரேடியத்தைக் கண்டறிந்ததும் இதே பள்ளியில்தான். காப்சம் செய்யும் சில பொருள்களில் எண்ணெய்த் துளிகள் முத்துகள்போல் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி மிக மெல்லிய உறை உண்டு. விரலில் தேய்த்ததும் உறை உடைந்து எண்ணெய் தோலில் பரவுகிறது. நீர்ப்பகுதி கூழ்போல் கெட்டியாக இருப்பதால் துளிகள் மிதக்காமல் இருந்த இடத்திலேயே நிற்கின்றன.

ஒரே அளவாக இருப்பதால் கிடைக்கும் நன்மைகள் மூன்று. ஒன்று, துளிகளுக்குள் அழுத்த வேறுபாடு இல்லாததால் பெரியது சிறியதை விழுங்குவது வெகுவாகக் குறைகிறது. இரண்டு, ஒவ்வொரு துளியிலும் எவ்வளவு பொருள் உள்ளது என்பது தெரியும். துளிகளை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். மூன்று, துளிக்குள் துளி வைக்கலாம். நீருக்குள் எண்ணெய், அதற்குள் மீண்டும் நீர் என்ற இரட்டைப் பால்மத்தை ஒரே அளவில் செய்யும் கண்ணாடி நுண்குழாய்க் கருவியை ஹார்வர்டில் டேவிட் வைட்சின் குழு 2005-இல் வெளியிட்டது. காற்றோடும் ஒளியோடும் சேர்ந்தால் கெட்டுவிடும் வைட்டமின்களை இப்படி உள்ளே பொதிந்து வைக்க முயல்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே அளவு என்பதால் மட்டும் துளி மிதக்காமல் இருக்காது. அதற்குத் துளி சிறிதாக இருக்க வேண்டும் அல்லது நீர்ப்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். பால்மமாக்கியும் போதிய அளவில் வேண்டும்.

கணக்கு வகுப்பில்

எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரும் நானும் சேர்ந்து பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்துக்கு ஒரு கணக்கு உருவாக்கினோம். ஒரு டப்பா கிரீமில் 25 மி.லி. எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம்.

அது ஒரே கோளமாக இருந்தால் ஆரம் சுமார் 1.8 செ.மீ.; புறப்பரப்பு சுமார் 41 ச.செ.மீ. அதையே 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாக்கினால் சுமார் 38 கோடித் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் புறப்பரப்பு 3 ச.மீ. எங்கள் வகுப்பறைக் கரும்பலகை 8 அடிக்கு 4 அடி. கணக்கிட்டுப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய 3 ச.மீ.தான். அரை டம்ளருக்கும் குறைவான எண்ணெய்க்கு ஒரு கரும்பலகை அளவு பரப்பு!

அந்தப் பரப்பு முழுவதையும் போர்த்தப் பால்மமாக்கி வேண்டும். துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு இருமடங்காகும். போர்வையும் இருமடங்கு தேவைப்படும். இந்த இடத்தில் அந்த மாணவி தலையை நிமிர்த்தினாள். "அப்போ எங்க அம்மா எவ்வளவு கலக்கினாலும் போர்வை பத்தலையா டீச்சர்?" அதேதான். தேன்மெழுகு மட்டும் இருந்தால் அது நல்ல பால்மமாக்கி ஆகாது. அவர்கள் கலக்கக் கலக்கப் புதுப் பரப்பு உண்டானது. அதைப் போர்த்தத்தான் எதுவும் இல்லை.

அடுத்த கணக்கு. ஒரு நுண்வாய் நொடிக்கு 1,000 துளிகள் செய்தால் 38 கோடித் துளிகளுக்கு எவ்வளவு நேரமாகும்? சுமார் 106 மணி நேரம். ஒரு டப்பாவுக்கு நான்கு நாளுக்கு மேல்! 1,000 வாய்களை ஒன்றாக இயக்கினால் ஏழு நிமிடத்துக்குள் முடியும். ஆனால் ஆயிரம் வாய்களுக்கும் நீர்மத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்று அடைத்தாலும் அளவு மாறும். இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய சவால் இதுதான். கண்ணுக்குத் தெரியும் 1 மி.மீ. துளி என்றால் கணக்கே மாறிவிடுகிறது. விட்டம் 20 மடங்கு, கன அளவு 8,000 மடங்கு. 25 மி.லி.க்கு 48 ஆயிரம் துளிகளுக்குள்தான் வரும். பெரிய துளிகள் தொழிலுக்கு ஏன் எளிதாக அமைகின்றன என்பதை மாணவர்களே சொல்லிவிட்டார்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: கலக்கிய பால்மம். இரண்டு பாட்டில்களில் 40 மி.லி. நீரும் 10 மி.லி. சூரியகாந்தி எண்ணெயும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம் சேர்க்க வேண்டும். இரண்டையும் 50 முறை குலுக்கி, எது எப்போது பிரிகிறது என்று குறிக்க வேண்டும். இரண்டாவது பாட்டிலிலிருந்து ஒரு துளியை நீர் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அளவிட ஒரு வழி: முதலில் ஒளிபுகும் அளவுகோலை வைத்துப் பார்வைப் புலத்தின் அகலம் எத்தனை மி.மீ. என்று அறிந்துகொண்டு, ஒவ்வொரு துளியும் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று மதிப்பிடலாம். 30 துளிகளின் விட்டத்தைக் குறித்து நிகழ்வெண் பட்டியல் போடச் செய்யுங்கள்.

செயல்பாடு 2: ஒரே அளவுத் துளி. மருந்துக் கடையில் பிரிக்காத புதிய டிரிப் செட் ஒன்று வாங்குங்கள். ஊசியை ஆசிரியரே அகற்றிவிட வேண்டும். உறையில் '1 மி.லி.க்கு 20 துளி' என்ற குறிப்பைக் காணலாம். வண்ணநீரைத் தொங்கவிட்டு, 1 மி.லி.க்கு எத்தனை துளி என்று அறைக்குள் விழுவதை எண்ணச் செய்தேன். நான்கு குழுக்களில் மூன்று 20 என்றன, ஒன்று 21 என்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் துளியை எண்ணியே மருந்தின் அளவைச் சரிசெய்வது மாணவர்கள் பார்த்த காட்சிதான். துளிகள் ஒரே அளவாக இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. 'ஒரே அளவு ஏன் வேண்டும்' என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. இந்த 0.05 மி.லி. துளி ஒன்றிலிருந்து 50 மைக்ரோமீட்டர் துளிகள் ஏழரை லட்சத்துக்கு மேல் செய்யலாம் என்ற கணக்கையும் போடச் சொல்லலாம். பிறகு குழாயின் முனையை எண்ணெய்க்குள் அமிழ்த்தித் துளிகளை விடுங்கள். காற்றில் விழுவதைவிட இங்கே துளி பெரிதாக வளர்ந்த பிறகே கழலும். ஏன்? எண்ணெயின் மிதப்பு விசை அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

செயல்பாடு 3: சந்திப்பு. மருத்துவமனையில் பயன்படும் மூவழித் திருகு ஒன்று போதும். நேர்வழியில் எண்ணெய், பக்கவழியில் வண்ணநீர், வெளியே ஒளிபுகும் குழாய். முதல் முறை நீரை முதலில் விட்டோம். அது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு கோடாக ஓடியதே தவிரத் துளியாகவில்லை. எண்ணெயை முதலில் விட்டுச் சுவரை நனைத்த பிறகு துளிகள் வந்தன. சிரிஞ்சைக் கையால் அழுத்தினால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டையும் உயரத்தில் தொங்கவிட்டுத் தானாக ஓட விட்டபோது, உயரங்களைப் பலமுறை மாற்றிப் பார்த்த பிறகு, ஒரே நீளமுள்ள நீர்த்துண்டுகள் வரிசையாக வந்தன. "ரயில் பெட்டி மாதிரி வருது டீச்சர்!" என்று கத்தினார்கள். சீரான ஓட்டமே சீரான துளி என்பதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மதிப்பீடு. குலுக்கிய துளிகளின் விட்டங்களுக்கும், குழாயில் வந்த துண்டுகளின் நீளங்களுக்கும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் கண்டு ஒப்பிடலாம். நுண்பாய்மக் கருவிகளில் இந்தக் கெழு பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்குள் இருக்கும். 'இதை எதுக்கு சார் கண்டுபிடிக்கணும்?' என்று கணித வகுப்பில் எழும் கேள்விக்கு இது ஒரு பதில்.

கவனிக்க வேண்டியவை. பயன்படுத்திய மருத்துவப் பொருள்களை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. ஊசி மாணவர் கைக்குப் போகக் கூடாது. எண்ணெய் தரையில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். மிச்ச எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் சேகரித்து அகற்ற வேண்டும். செயல்பாட்டில் உருவானதை யாரும் முகத்தில் பூசிப் பார்க்கக் கூடாது.

துளி நன்றாக இருந்தால் போதுமா?

ஒரே அளவுத் துளி என்பது செய்முறையின் தரம். உள்ளே இருக்கும் பொருளின் தரம் வேறு. கேடான பொருளையும் அழகான துளியாக்க முடியும். தோலை வெளுக்க வைக்கும் சில கிரீம்களில் பாதரசச் சேர்மங்கள் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பொருள்களை ஒழிக்கச் சொல்கிறது. வளரிளம் பருவத்து மாணவ மாணவியர் பெயரில்லாத கிரீம்களை வாங்கிப் பூசுவதை நாம் பார்க்கிறோம். உறையில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், உட்பொருள்கள், காலாவதி நாள் ஆகியவை உள்ளனவா என்று பார்க்கும் பழக்கத்தை இந்தப் பாடத்தோடு சேர்த்தே கற்பித்தேன். தோலின் நிறத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே தேவையற்றது என்பதையும் சொன்னேன். அதை மணி அடிக்கும் நேரத்தில் சொல்லாமல், நேரம் ஒதுக்கிச் சொன்னேன்.

மாணவியிடம் சொன்ன பதில்

செயல்பாடுகள் முடிந்த நாளில் வகுப்பின் முன்பாகவே அந்த மாணவியிடம், "அன்னைக்கு நான் சொன்ன பதில் தப்பும்மா. உன் கேள்விதான் சரி" என்றேன். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. ஆசிரியர் தவறு என்று சொல்வதை அவர்கள் அதிகம் கேட்டதில்லை.

அவளே வீட்டில் அம்மாவுக்கு விளக்கியிருக்கிறாள். நுண்பாய்மக் கருவி எங்கள் ஊருக்கு வரப்போவதில்லை. ஆனால் அது கற்றுக்கொடுத்த கேள்விகள் வந்தன: துளி எவ்வளவு பெரிது? அதைப் போர்த்த என்ன இருக்கிறது? நீர் எதற்கு? மூன்றாவது கேள்விதான் வழிகாட்டியது. நீர் இருப்பதால்தான் பால்மமே தேவைப்படுகிறது. நீர் இருப்பதால்தான் கிருமியும் எளிதில் வளர்கிறது. கற்றாழைச் சாற்றை விட்டுவிட்டு எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் சேர்த்த களிம்பைச் செய்து பார்த்தார்கள். அதில் பிரிவதற்கு இரண்டு நீர்மங்கள் இல்லை. அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். உரிமம் வரும் வரை தங்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் செய்வது என்று முடிவு. இழந்த பணம் திரும்பி வந்துவிடவில்லை. அடுத்த பணம் போகாமல் நின்றிருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, பாடநூலில் பால்மத்துக்கு ஒதுக்கியிருப்பது சில வரிகள்தான். அந்த வரிகளுக்குப் பின்னால் பரப்பு இழுவிசை, பாகுநிலை, மிதப்பு, கோளத்தின் கன அளவு, மாறுபாட்டுக் கெழு என்று பல வகுப்புகளின் பாடங்கள் ஒரு துளிக்குள் கூடி நிற்கின்றன. ஒரு டிரிப் செட்டும் ஒரு பாட்டில் எண்ணெயும் இருந்தால் அதைத் திறந்து காட்டிவிடலாம். அடுத்த முறை ஒரு மாணவர் "ஏன்?" என்று கேட்கும்போது, 'கெமிக்கல்' என்ற ஒற்றைச் சொல்லால் அந்தக் கேள்வியை மூடிவிடாமல், "தெரியல, சேர்ந்து அளந்து பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். நான் அதைச் சொல்லக் கற்றுக்கொண்டது ஒன்பதாம் வகுப்புப் பின்வரிசையிலிருந்து.